கச்சேரி ரோட்டில் ஓர் எதிர்கால வாள்

எதிர்கால வாள்களைப் பற்றி உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் தாராளமாக என்னிடம் கேட்கலாம். சிரிக்காதீர்கள். சர்க்கரைக்கு எந்த மாத்திரை, முட்டிக்கு எந்தத் தைலம் என்று சொல்ல நம் வயதுக்காரர்களில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒளியால் ஆன வாளை இன்னொரு ஒளி வாளால் தடுக்க முடியுமா, அதிரும் வாள் கவசத்தை வெட்டுமா என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்ல மயிலாப்பூர் வட்டாரத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பெருமை போதாதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மகன் தரமணி ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தான். கம்ப்யூட்டரைத் தொடாமல், பேப்பரும் பகடையும் வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் இப்போது மறுபடி ஃபேஷனாம். ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் கூரை வழியா குதிக்கிறேன்" என்பார்கள். உடைந்ததா, காலை உடைத்துக்கொண்டார்களா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். அன்றைக்குக் கதை நடந்தது முந்நூறு வருடம் கழித்து வரப்போகும் ஒரு நகரத்தில். மூவரில் தாடி வைத்த பையன் தன் பாத்திரத்துக்கு ஒரு வாள் கேட்டான். ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கூர்மையாம், எதையும் வெட்டுமாம்.

நான் பஜ்ஜித் தட்டை வைக்க வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். "எதையும் வெட்டும், சரிப்பா. வெட்டுப்படுற பொருள் சும்மா இருக்குமா? அதுவும் திருப்பித் தள்ளுமில்ல? ஒரு அணு தடிமன் அதை எப்படித் தாங்கும்? முதல் வெட்டுலயே உன் கூர்மை மழுங்கிடும். அப்புறம் கையில இருக்கறது வெறும் தகடு" என்றேன். நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். என் மகன் மட்டும், "அம்மா, இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டான். பஜ்ஜி ஆறுகிறது, சாப்பிடு என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள்தான் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள்.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறைதான் என் அப்பாவின், எங்கள் பேச்சில் அத்தாவின், பட்டறை. அத்தாவுக்குத் தொழில், கல்யாண மண்டபங்களுக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்டுவது. தி.நகரில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஜிகினாத் தூள் மினுக்க நிற்குமே, பக்கத்தில் இரண்டு புறாக்கள், நடுவில் ஓர் இதயம், அந்த வேலை. பாதி தி.நகர் கல்யாணங்களின் பெயர்கள் எங்கள் முன்னறையில்தான் வெட்டுப்பட்டன. புறாவுக்கு மூக்கு ஒட்டுவது என் பொறுப்பு.

அத்தா வெட்டுவது கத்தியால் அல்ல. ஒரு மர வில். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அந்தக் கம்பிக்குக் கரண்ட் வரும். காலுக்கடியில் சுவிட்ச். மிதித்தால் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று முனகும், கம்பி சூடாகும். அது சிவக்கக் கூடாது. சிவந்தால் தெர்மாகோல் புகைந்து கறுத்துவிடும். சிவப்பதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திவைக்க வேண்டும். அந்தச் சூட்டில் பலகையை மெல்லத் தள்ளினால் ஒரு சத்தமும் இல்லாமல் எழுத்து தனியே கழன்று வரும். கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் காரமுமாக ஒரு வாடை எழும். அந்த வாடை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். உடம்புக்கு ஆகாது என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது யார் சொன்னார்கள்?

எங்கள் வீட்டில் சோற்றிலும் தெர்மாகோல் உருண்டை இருக்கும், படுக்கையிலும் இருக்கும். தலைமுடியில் ஒட்டினால் லேசில் போகாது. ஆறாம் வகுப்பில் டீச்சர் என் தலையைப் பார்த்து, ஈர் நிறைய இருக்கிறது, கவனிக்கவும் என்று அம்மாவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, மறுநாள் பள்ளிக்கூட வாசல் வரை கூடவே வந்து நின்றாள்.

சந்து முனையில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. அங்கே இரண்டாவது மாடியில் ஓர் அக்கா இருந்தாள். பதினைந்து வயது, கண்ணாடி, நீளப் பின்னல். அவளுடைய சித்தி கல்யாணத்துக்கு அத்தாதான் எழுத்து வெட்டினார். ஜிகினா என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு வர என்னை அனுப்பியிருந்தார். படி ஏறும்போது மேலே மொட்டைமாடிப் படிக்கட்டின் முடிவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏழு இயந்திர வீரர்கள் கதவை மறிச்சுண்டு நிக்கறா. லிஃப்ட் வேலை செய்யல. பின்னாடி தண்ணி ஏறிண்டே வரது. என்ன பண்ணப் போறேள்?"

என் கால் அங்கேயே நின்றது. எட்டிப் பார்த்தேன். அந்த அக்கா ஒரு நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் தம்பி, அப்புறம் முதல் மாடி எலும்பு டாக்டரின் மகன். நடுவே ஒரு பிஸ்கட் டின் மூடியில் பகடைகள். நாலு பக்கம், எட்டு பக்கம், இருபது பக்கம் என்று விதவிதமாக, கற்கண்டு மாதிரி மின்னின. அக்காவின் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்தவை. ஆட்டத்தின் புத்தகமும் அவர் கொடுத்ததுதான். அக்காதான் அவர்களுக்கு நடுவர், கதை சொல்லி, நீதிபதி எல்லாம். அவர்கள் வீட்டுக்குள் ஆடாமல் படிக்கட்டில் ஆடியதற்குக் காரணம் அக்காவின் அம்மா. பகடை உருட்டினால் அது சூதாட்டம், ஆத்துக்குள்ளே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அக்காவின் அப்பாவோ, புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறதே, படித்தால் நல்லதுதான் என்று நினைத்தார். ஆட்டம் என்ன என்று இரண்டு பேருமே கடைசி வரை கேட்கவில்லை.

ஜிகினா நிறத்தைக் கேட்காமலே வீட்டுக்கு வந்தேன். அத்தாவிடம் திட்டு வாங்கி மறுபடி போனேன். அப்படியே ஒரு வாரம் ஏதாவது சாக்கு வைத்துப் போய்க்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தப் படிக்கட்டில் ஓர் இடம் வேண்டும். அந்த வயதில் அதைவிடப் பெரிய ஆசை எனக்கு வேறொன்று இருந்ததாக நினைவில்லை. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்தால், "எழுத்துக்காரர் பொண்ணா? அப்பா ஆர்டர் எடுப்பாரா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தவர்களை, "நீ இப்ப என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

அதிர்ஷ்டம் பாருங்கள், ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. நாலாவதாக ஆடிய பெண்ணின் அப்பாவுக்கு டில்லிக்கு மாற்றல் ஆகிவிட்டது. கேட்டேன். நடுவர் அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"சும்மா வந்து உக்காந்துட முடியாது. எங்க ஆட்டத்துல ஒரு சட்டம் இருக்கு. உனக்கு ஒரு ஆயுதம் வேணும். அது எதிர்காலத்து ஆயுதமா இருக்கணும். ஆனா விஞ்ஞானப்படி நடக்கக்கூடியதா இருக்கணும். எல்லார் முன்னாடியும் செஞ்சு காமிக்கணும்" என்றாள்.

புத்தகத்தில் இல்லாத சட்டம் இது. அக்காவே போட்டது. புத்தகத்தில் மந்திர வாள், ஒளி வாள் என்று பக்கம் பக்கமாக இருந்தன. அக்காவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. எந்த ஆயுதத்தையும் மூன்று கேள்வி கேட்பாள். சக்தி எங்கிருந்து வருகிறது? இன்னொரு ஆயுதத்தோடு மோதினால் என்ன ஆகும்? பிடித்திருக்கிற கைக்கு என்ன ஆகும்? பாஸானால்தான் ஆட்டத்துக்குள் அனுமதி.

ஒளி வாளை இரண்டு டார்ச் லைட்டை வைத்தே தள்ளுபடி செய்திருந்தார்கள். டார்ச்சை அடித்து, மூன்றடியில் நின்றுவிடு என்று சொன்னால் வெளிச்சம் கேட்குமா? அது பாட்டுக்கு எதிர்ச்சுவர் வரை போய்க்கொண்டிருக்கும். இரண்டு டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கே வைத்தால் ஒன்றை ஒன்று தடுக்குமா? ஊடுருவிப் போய்விடும். அப்புறம் என்ன வாள் சண்டை?

டாக்டர் மகனின் வாள் அதிரும் வாள். நொடிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை நடுங்கும் அலகு. அவன் எதையும் நம்பாத ஜாதி. தன் ஆயுதத்தையே நம்பாமல்தான் கொண்டு வந்தான். அவனுடைய அப்பாவின் கிளினிக்கில் மாவுக்கட்டு வெட்டும் ஓர் இயந்திரம் உண்டு. அதன் அலகு சுற்றாது, இருந்த இடத்திலேயே நடுங்கும். கெட்டியான மாவுக்கட்டை வெட்டிவிடும். உள்ளே இருக்கும் தோலை வெட்டாது. தோல் அதோடு சேர்ந்து ஆடிக்கொடுத்துவிடும். அக்கா அரை மணி யோசித்துத் தீர்ப்பு எழுதினாள்: இந்த வாள் கவசத்தை உடைக்கும், கவசத்துக்குள் இருப்பவனுக்கு வெறும் கூச்சம்தான் வரும். அந்தக் குறையோடு அனுமதி. இதைவிட நியாயமான தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் நான் கேட்டதில்லை.

தம்பிக்காரன் கதை வேறு. அவன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி வாள் கேட்டான். அம்மாவின் வீணையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய தந்தியை எடுத்து வந்து வேகவைத்த உருளைக்கிழங்கை அறுத்தான். சோப்பை அறுத்தான். அடுத்து ஒரு முழுச் சேனைக்கிழங்கையே அறுத்துவிட்டான். எல்லோரும் அசந்துபோனார்கள். டாக்டர் மகன் மட்டும் கிழங்கைத் திருப்பிப் பார்த்து, அது முன்கூட்டியே அரிவாள்மணையில் நறுக்கி, ஈர்க்குச்சி குத்தி ஒட்டவைத்தது என்று கண்டுபிடித்தான். அன்றைக்கு அக்கா நோட்டில் மூன்று கேள்விகளுக்கும் கீழே சிவப்பு மையால் நாலாவதாக ஒரு சட்டம் எழுதினாள். ஆயுதத்தின் குறையை மறைப்பவர் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படுவார், திரும்பச் சேர்க்கப்பட மாட்டார். சட்டம் பிறகு வந்ததால் தம்பி தப்பித்தான். இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அக்கா, "வெள்ளிக்கிழமை வரை டைம்" என்றாள்.

எனக்கு வெள்ளிக்கிழமை வரை யோசிக்க ஒன்றுமே இல்லை. என் வாள் என் வீட்டு முன்னறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அத்தா ஜும்மாத் தொழுகைக்குப் போவார். போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்கியதும், நான் வில்லையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மொட்டைமாடிப் படிக்கட்டில் தண்ணி மோட்டாருக்காக ஒரு ப்ளக் இருந்தது. மாட்டினேன். டிரான்ஸ்ஃபார்மர் முனகியது. நாலு அங்குலக் கனத்தில் ஒரு தெர்மாகோல் கட்டி. அதன் நடுவே கம்பியை நுழைத்து, வளைத்து, ஓர் இலை வடிவத்தில் கொண்டு போனேன். சத்தமில்லை, தூள் இல்லை. கட்டி இரண்டாகப் பிரிந்து இலை மட்டும் என் மடியில் விழுந்தது.

மூன்று பேரும் அந்த இலையைக் கைமாற்றிக் கைமாற்றித் தடவிப் பார்த்தார்கள். அட, அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! அதற்காகவே இன்னும் ஒரு தடவை பிறக்கலாம்.

கேள்வி ஆரம்பித்தது. சக்தி? "இப்ப ப்ளக்கு. பின்னாடி சின்ன பேட்டரி வந்துடும்கா" என்றேன். வந்துவிட்டதா இல்லையா, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். இரும்பு வாளோடு மோதினால்? "இரும்ப வெட்டாதுக்கா. ஆனா உங்க கதைல இயந்திர வீரனுக்கு பிளாஸ்டிக் உடம்புதானே? போன வாரம் நீங்களே சொன்னீங்க." அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அப்படித்தான் எழுதியிருந்தது. பிடித்திருக்கிற கைக்கு? மரப்பிடி, சூடு ஏறாது. தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

டாக்டர் மகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "ஒரு நிமிஷம். சூடானா உலோகம் நீளும். கம்பி தொங்கிடுமே. தொங்கின வாளை வெச்சு என்ன பண்ணுவே?"

நான் வில்லைத் திருப்பிக் காட்டினேன். கம்பியின் ஒரு முனை மரத்தில் நேராகக் கட்டியிருக்காது. நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். கம்பி நீள நீள ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். "இதுக்குத்தான் இது கீது" என்றேன். அவன் ஸ்பிரிங்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தான். "பிரமாதம்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த சொல்!

அக்கா பேனாவைத் திறந்தாள். "குறை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா."

பொய். அதைவிடப் பெரிய பொய் நான் அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. அந்த வில்லுக்கு ஒரே ஒரு குறை உண்டு, அதுவும் வாளுக்கு இருக்கவே கூடாத குறை. அதை வீச முடியாது. கொஞ்சம் வேகமாகத் தள்ளினாலே கம்பி வளைந்து, சூடு இறங்கி, பட்டென்று அறுந்துவிடும். வெட்ட வேண்டிய பொருள் அசையாமல் இருக்க வேண்டும், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். எந்த எதிரி அப்படி நின்று கொடுப்பான்? புறாவுக்கு மூக்கு ஒட்டும் வயதிலிருந்து எனக்கு இது தெரியும். அவசரப்பட்டு எத்தனை கம்பியை அறுத்து அத்தாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்! தெரிந்தேதான் மறைத்தேன். இடம் வேண்டுமே.

கிடைத்தது. மூன்று வாரம் ராஜ்ஜியம். கதைக்குள் நான் நுழைந்தாலே இயந்திர வீரர்கள் துண்டு துண்டாக விழுவார்கள். "நீ இப்ப என்ன பண்ணப் போறே?" என்று அக்கா கேட்பாள். "சுத்தி ஒரு வீச்சு வீசறேன்" என்பேன். இருபது பக்கப் பகடை உருளும். நீரில் மூழ்கிய அடையாற்றுப் பாலத்தை நாங்கள் நாலு பேரும் மீட்டோம். கோட்டூர்புரத்தில் எதிரியின் கோட்டையை முற்றுகையிட்டோம். வீட்டுக்கு வந்து புறா மூக்கு ஒட்டும்போதும் என் கை சும்மா இராது, காற்றில் வீசிக்கொண்டே இருக்கும். அம்மா, "பொண்ணுக்கு கை வலிப்பு வந்துருக்குமோ?" என்று அத்தாவிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் நான் ஒரே வீச்சில் ஒன்பது வீரர்களைச் சாய்த்தேன். டாக்டர் மகன் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"எனக்கு இது இடிக்குது. அன்னிக்கு மெதுவாத்தான் வெட்டிக் காமிச்சா. வேகமா வீசினா என்ன ஆகும்னு நாம பாக்கவே இல்ல. மறுபடி ஒரு தடவை காமிக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "காமிக்கறியா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வெள்ளிக்கிழமை சாக்குப்பையோடு படி ஏறினேன். ப்ளக்கை மாட்டினேன். கம்பி சூடேற நேரம் ஆகும் என்றேன். கரண்ட் கம்மியாக இருக்கிறது என்றேன். தம்பிக்காரன் கொட்டாவி விட்டான். டாக்டர் மகன் தெர்மாகோல் கட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "ம், வீசு" என்றான். நான் வில்லைத் தூக்கினேன்.

கீழேயிருந்து செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அந்தச் செருப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

அத்தா தலையில் தொப்பியோடு, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். அன்று சாயங்காலம் தி.நகரில் ஒரு ரிசப்ஷன். தொழுகை முடிந்ததும் நேரே வந்து பார்த்தால் வில்லைக் காணோம். எதிர்க்கடைக்காரர் நான் சாக்குப்பையோடு போனதைச் சொல்லியிருக்கிறார். அத்தா வில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதுகில் இரண்டு வைக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "மாமா, கோச்சுக்காதேங்கோ. நாங்கதான் கொண்டு வரச் சொன்னோம். இது எப்படி வேலை செய்யறதுன்னு தெரிஞ்சுக்கணும்."

அத்தாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எல்லோரும் அவரிடம் எப்போது முடியும், நாலு மணிக்குள் வருமா என்றுதான் கேட்பார்கள். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேவிட்டார்.

"இன்னா தெரியணும், கேளும்மா."

டாக்டர் மகன் கேட்டான். "அங்கிள், இதை எவ்வளவு வேகமா வீசினாலும் வெட்டுமா?"

அத்தா சிரித்தார். "வீசறதா? அய்ய, வீசுனா அறுந்துக்கும்ப்பா. இது வெட்றதே இல்ல, தெரியுமா? கம்பி கிட்ட வர்றதுக்குள்ள சூட்டுக்கு தெர்மாகோலே உருகி ஒதுங்கிக்கும். ஒதுங்கறதுக்கு நீ டைம் குடுக்கணும். அவசரப்பட்டா ரெண்டும் கெட்டுச்சு. பொறுமையா இட்டுக்கினு போவணும்."

என் இடம் அந்தப் படிக்கட்டில் அப்போதே போய்விட்டது. அத்தா நிறுத்தவில்லை. எந்தக் கனத்துக்கு எவ்வளவு சூடு, கம்பி எங்கே கிடைக்கும், ஈரக்காற்று அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அக்கா நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். டாக்டர் மகன் மட்டும் என் பக்கம் திரும்பினான்.

"இது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பெண், பாவம், தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். சட்டத்தில் மறைப்பவருக்குத்தான் தண்டனை, தெரியாதவருக்கு இல்லை. ஆனால் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து அந்த வில்லைப் பழக்கியவர் அவர். எனக்குத் தெரியாது என்று அவர் காதுபட எப்படிச் சொல்வேன்? அவர் பெண்ணுக்கே அவர் வேலை தெரியாது என்று அந்த மூன்று பேரும் நினைக்கும்படி எப்படி விடுவேன்?

"தெரியும்" என்றேன்.

"அவளுக்குத் தெரியாமயா?" என்று அத்தா என் முதுகில் தட்டினார். "அஞ்சு வயசுலேர்ந்து கூடவே குந்திக்கினு கீறா. என்னைவிட நைஸா வெட்டுவா."

அக்கா பேனாவை மூடினாள். அத்தா இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவள். பகடைகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் போட்டாள். நான் வெளியேற்றப்பட்டேன் என்று புரிய எனக்கு அது போதும்.

சந்து வழியே திரும்பி வரும்போது அத்தா டிரான்ஸ்ஃபார்மரைத் தோளில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். "நல்ல பசங்க. எவ்ளோ கேள்வி! டெய்லி போ, ஒண்ணும் சொல்ல மாட்டேன்." நான் வில்லை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஜும்மாவுக்குப் போன நேரத்தில் எடுத்ததற்காக ஓர் அடிகூட விழவில்லை. அடித்திருந்தால் அதைச் சாக்கு வைத்தாவது அழுதிருப்பேன்.

பத்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அத்தா தினமும் கேட்பார், "இன்னாம்மா, வெளையாடப் போவலியா?" அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். அத்தா நம்பினார். வாடிக்கையாளர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "ஃப்ளாட்டு பசங்க என்கிட்ட கேட்டுக்கினுதான் ஆட்டமே ஆடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருக்கும். நான் தோற்றது எதனால் என்று அவருக்கு அன்றைக்கும் தெரியாது, சாகும்வரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலை, கல்யாண வேலை எதுவும் இல்லை. அத்தா ஒரு முழுப் பலகையை எடுத்து வைத்து, அரை நாள் உட்கார்ந்து எதையோ வெட்டினார். ஜிகினா போட்டார். பிடிக்குச் சிவப்பு வெல்வெட் பேப்பர் ஒட்டினார். நிமிர்த்திப் பிடித்தால் என் உயரத்துக்கு ஒரு வாள். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வாளை நான் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு ஊர்லேர்ந்து வந்துட்டாப்பல கீது, காலைல பால் வாங்கிக்கினு போச்சு. இத்த அவங்களுக்குக் குடு. ஆட்டத்துக்கு வெச்சுக்கட்டும்" என்றார்.

போகாமல் எப்படி இருப்பது? வாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சந்தில் நடந்தேன். கடல் காற்று அடித்தது. ஒடிந்துவிடுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று போனேன். மேலே பகடை உருளும் சத்தம் கேட்டது. வாளை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாகத் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கடைசிப் படியில் கால் வைத்தேன். மூன்று பேரும் திரும்பினார்கள். டாக்டர் மகன் வாயைத் திறந்தான். அக்கா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

எழுந்து வந்து வாளை மேலும் கீழும் பார்த்தாள். ஜிகினா அவள் கண்ணாடியில் மினுங்கியது.

"இது என்னத்த வெட்டும்?"

"ஒண்ணத்தையும் வெட்டாதுக்கா," என்றேன். "வேகமா வீசுனா ஒடிஞ்சுடும். மழை பட்டா ஜிகினா போய்டும். வெயில்ல வெச்சா பசை விட்டுடும். காத்து அடிச்சாலே பயமா கீது."

அக்கா தம்பியைப் பார்த்து, "தள்ளி உக்காருடா" என்றாள்.